கலமும் சாரமும்: திபெத்திய இலக்கியத்தில் இயற்கை

உலகத்தைக் குறிக்கத் திபெத்தியர் வழங்கும் சொற்களுள் 'நோச்சூ' என்பது ஒன்று. 'நோ' என்றால் கலம்; 'சூ' என்றால் அதனுள் நிறைந்த சாரம். மலையும் ஆறும் புல்வெளியும் கலமாம். மனிதரும் விலங்கும் பறவையும் சாரமாம். வடமொழிப் பௌத்த நூல்கள் பாஜன லோகம், சத்துவ லோகம் என இரண்டாகப் பிரித்துக் கூறியவற்றைத் திபெத்தியர் ஒரு சொல்லுக்குள் இணைத்துக் கொண்டனர். கலம் உடைந்தால் சாரம் என்னாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஊற்றுகளில் 'லு' எனப்படும் நாகதெய்வங்கள் உறைகின்றன என்றும், நீரை மாசுபடுத்துவோரை அவை நோயால் ஒறுக்கும் என்றும் அம்மக்கள் தொன்றுதொட்டு நம்பி வந்துள்ளனர்.

இந்த உணர்வு இக்கால இலக்கியத்தில் கொண்ட வடிவத்தை இரு படைப்புகளின் வாயிலாகக் காண்போம்.

தொண்டுப் ஜ்யால் என்னும் கவிஞர் 1983ஆம் ஆண்டில் 'இளமையின் அருவி' என்ற கவிதையை வெளியிட்டார். யாப்பின் கட்டுகளை நீக்கித் திபெத்திய மொழியில் எழுந்த புதுக்கவிதைக்கு இதுவே வழிகாட்டி எனலாம். இளந்தலைமுறையின் ஊக்கத்துக்கு அருவி இதில் உருவகமாகிறது. இயற்கை இங்கே வற்றாத வலிமையின் சின்னம். மனிதன் அதனிடம் ஆற்றல் பெறுகிறான்.

முப்பது ஆண்டுகளுக்குப்பின் நிலை தலைகீழாகிறது. சிச்சுவான் மாகாணத்துத் திபெத்தியப் பகுதியில் 1959இல் பிறந்து, சீன மொழியில் எழுதிவரும் அலாய், 'காளான் வட்டம்' என்னும் குறுநாவலைப் படைத்தார். அது 2018இல் லூ சுன் இலக்கியப் பரிசு பெற்றது. அதன் தலைவி சிஜியோங், காட்டில் காளான் முளைக்கும் இடமொன்றை அறிந்து, அதைப் பிறர்க்குரையாது காத்து வருகிறாள். வறட்சிக் காலத்தில் நீர் சுமந்து சென்று அக்காளான்களுக்கு ஊற்றுகிறாள். பறவைகள் உண்பதற்கும் பங்கு விடுகிறாள். பிற்காலத்தில் காளானுக்கு நல்ல விலை கிடைக்கவே, ஊரார் முளைவிடும் பருவத்திலேயே மண்ணைக் கிளறி எடுக்கத் தொடங்குகின்றனர். இறுதியில், இருப்பிடம் காட்டும் கருவியொன்றை மூதாட்டி அறியாமல் அவள்மீது பொருத்தி, அவள் காத்த இடத்தையும் கண்டுபிடித்துவிடுகின்றனர்.

அவள் இழந்தது காளானை மட்டுமன்று. காட்டை அறிந்திருத்தலும் அளவோடு கொள்ளுதலும் அவளுக்கு ஒன்றாகவே இருந்தன. கருவியோ அறிவை மட்டும் கவர்ந்து, அடக்கத்தை விட்டுவிட்டது. அருவியிடம் வலிமை பெற்ற மனிதன், இன்று காளானுக்கு நீர் சுமக்கவேண்டியவனாகிறான். இயற்கையைப் பாடுவதிலிருந்து அதைக் காப்பதற்கு நகர்ந்த இம்மாற்றமே இவ்விரு படைப்புகளையும் சேர்த்துப் படிப்பார்க்குப் புலனாகும் உண்மை. கலத்தைக் காக்கும் கடமை சாரத்தினுடையதே.