இறுதி ஊர்வலங்களும் வீதி ஒழுங்கும்

மாணவர்களே, குடியுரிமைக் கல்வியில் உரிமைகள் பற்றிய அலகைப் படிக்கும்போது பலர் அரசியலமைப்பின் உறுப்புரை எண்களை மட்டும் மனனம் செய்துவிடுகிறார்கள். ஆனால் அந்த எண்கள் உங்கள் ஊர் வீதியில் எவ்வாறு ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதை விளக்கும்படி கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. இதற்கு நல்ல உதாரணம் இறுதி ஊர்வலம்.

பிற்பகல் நேரம். கிரியைகள் முடிந்து, பறைமேளம் முன்செல்ல, பிரேத வண்டி ஒழுங்கையிலிருந்து பிரதான வீதிக்கு ஏறுகிறது. பின்னால் இருநூறு பேர் வீதியின் முழு அகலத்தையும் நிறைத்து நடக்கிறார்கள். இருபுறமும் வாகனங்கள் தரித்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்று 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டி. இங்கே யாருக்கு எந்த உரிமை உண்டு?

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14(1)ஆம் உறுப்புரையைப் பாருங்கள். அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரம், தனது மதத்தை வழிபாட்டாலும் அனுசரிப்பாலும் வெளிக்காட்டும் சுதந்திரம், இலங்கை முழுவதும் நடமாடும் சுதந்திரம் ஆகிய மூன்றும் அங்கேயே உள்ளன. ஊர்வலத்தில் செல்வோர் முதலிரண்டையும் அனுபவிக்கிறார்கள். வாகனத்தில் காத்திருப்போர் மூன்றாவதைக் கோருகிறார்கள். இவை எவையும் வரம்பற்றவை அல்ல. பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், பிறருடைய உரிமைகளை மதித்தல் போன்ற காரணங்களுக்காகச் சட்டத்தால் மட்டுப்படுத்தப்படலாம் என 15ஆம் உறுப்புரை கூறுகிறது. 10ஆம் உறுப்புரையின் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்துக்கு அத்தகைய மட்டுப்பாடு கிடையாது. மனத்தில் நம்புவது வேறு, அந்த நம்பிக்கையை வீதியில் வெளிப்படுத்துவது வேறு. இவ்வேறுபாட்டை எழுதாமல் புள்ளியை இழப்போர் அதிகம்.

ஊர்வலங்களைப் பற்றி நேரடியாகப் பேசும் சட்டம் 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம். பொதுவிடத்தில் ஊர்வலம் எடுப்போர் ஆகக்குறைந்தது 6 மணித்தியாலங்களுக்கு முன்னர், ஊர்வலம் ஆரம்பிக்கும் இடத்துக்கு அண்மையிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்பது அதன் 77ஆம் பிரிவின் பொது விதி. இது அனுமதி கேட்பதல்ல, அறிவித்தல். சொல்லை மாற்றி எழுதிவிடாதீர்கள். ஊர் ஒழுங்கையால் சுடலைக்குச் செல்லும் சிறு ஊர்வலத்துக்காகப் பொலிஸ் நிலையம் போனவரைக் காண்பது அரிது என்பது உண்மைதான். ஆயினும் பிரதான வீதியைக் கடக்க வேண்டியிருந்தால் முன்கூட்டியே அறிவிப்பது செத்தவீட்டாருக்கே நன்மை. போக்குவரத்துப் பொலிஸார் சந்தியில் நின்றால் பாதி ஆபத்து நீங்கிவிடும்.

இனி நடக்கும் முறை. நடைபாதை இல்லாத வீதியில் பாதசாரி வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடக்க வேண்டும் என்று சிறு வகுப்பிலேயே படித்தீர்கள். ஆனால் பிரேதம் மோட்டார் வண்டியில் செல்லும்போது அவ்வண்டி ஏனைய வாகனங்களைப் போல இடப்பக்கமே செல்ல வேண்டும். சனமும் அதன் பின்னே இடப்பக்கமாக, வாகனங்களுக்கு முதுகு காட்டியபடி நடக்கிறது. ஆபத்து இங்கேதான் இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் கடந்துவிடும். வளைவில் திரும்பிய சாரதி கூட்டத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க முன்னரே அத்தூரம் முடிந்துவிடலாம். ஆகவே கடைசி ஆளுக்குச் சற்றுத் தொலைவில் பின்னே ஒருவர் வெள்ளைத் துணியுடனும், இருட்டினால் டோர்ச் வெளிச்சத்துடனும் வர வேண்டும். கூட்டம் வீதியின் இடது பாதிக்குள் ஒடுங்கினால் மறுபாதியால் நோயாளர் காவு வண்டி போய்விடும்.

வண்டியில் பிரேதம் இருப்பதால் சிவப்பு வெளிச்சம் பச்சையாகிவிடாது. பொலிஸ் உத்தியோகத்தர் கையால் சைகை காட்டினால், வெளிச்சம் எதுவாயினும் அச்சைகைக்கே கட்டுப்பட வேண்டும். சந்தியில் நின்று வாகனங்களை மறிக்கும் ஊர் இளைஞருக்கு அந்த அதிகாரம் இல்லை. அவர்கள் சாரதிகளை எச்சரிக்கலாம், பொறுக்கும்படி கேட்கலாம். பெரும்பாலான சாரதிகள் கேளாமலே வேகத்தைக் குறைத்து, ஹோர்ன் அடிக்காமல், வானொலியையும் நிறுத்திவிடுவார்கள். அது சட்டம் சொல்லித் தந்ததல்ல.

பட்டாசு பற்றியும் சொல்ல வேண்டும். நடுவீதியில் கொளுத்திய சரவெடி மோட்டார் சைக்கிளின் முன் வெடித்தால் ஓட்டுபவர் எந்தப் பக்கம் வெட்டுவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

புகையிரதக் கடவைக்கு எந்த விதிவிலக்கும் இல்லை. யாழ்ப்பாணத்துக்கு 1990இல் நின்ற புகையிரதம் 2014இல் மீண்டும் வந்தபோது, தண்டவாளத்தை வெறும் ஒற்றையடிப் பாதையாகவே அறிந்த ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது. காவலாளி இல்லாத கடவையில் ஊர்வலம் இரண்டாகப் பிரிய நேர்ந்தாலும் பிரியட்டும். முன்சென்றோர் அப்பால் காத்திருக்கலாம். புகையிரதத்தால் உடனே நிற்க முடியாது.

பயிற்சி வினா: உங்கள் ஊரில் ஒரே பிற்பகலில் ஓர் இறுதி ஊர்வலமும் பாடசாலை விடும் நேரமும் ஒரே சந்தியில் சந்திக்கின்றன.
(அ) இங்கு சம்பந்தப்படும் அடிப்படை உரிமைகள் இரண்டை உறுப்புரை எண்ணுடன் தருக.
(ஆ) செத்தவீட்டார் முதல்நாளே செய்யக்கூடிய ஒழுங்குகள் மூன்றைக் குறிப்பிட்டு, அவற்றுள் ஒன்றை விளக்குக.