கல்லீரலை ஏமாற்றும் ‘நல்ல’ இனிப்புகள்

எண்ணெயைக் குறைத்தாயிற்று, வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தியாயிற்று. பிறகும் ஃபேட்டி லிவர் ஏன் குறையவில்லை?

முழு உடல் பரிசோதனைக்குப் போய் வந்தவர்களின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஃபேட்டி லிவர் கிரேடு 1’ என்ற வரி இல்லாவிட்டால்தான் இப்போது ஆச்சரியம். அந்த வரியைப் படித்ததும் வீடுகளில் நடப்பவையும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கின்றன. முதலில் எண்ணெயில் கை வைக்கிறார்கள். அப்பளமும் வடையும் நின்றுபோகின்றன. முட்டையின் மஞ்சள் கரு ஒதுக்கப்படுகிறது. வெள்ளைச் சர்க்கரை டப்பா இருந்த இடத்தில் நாட்டுச் சர்க்கரை வந்துவிடுகிறது. காலையில் வெறும் வயிற்றில் வெந்நீர், எலுமிச்சை, இரண்டு ஸ்பூன் தேன். பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் சாத்துக்குடி ஜூஸ். இரவில் சோற்றுக்குப் பதில் நான்கு சப்பாத்தி. ஆறு மாதம் கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுத்தால் அதே கிரேடு. சிலருக்கு ஒரு படி கூடியும் இருக்கிறது.

“வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்தும் ஏன் குறையவில்லை?” என்று மனம் நொந்து கேட்கிறார்கள். பதில் அந்தப் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது. விட்டதில் பாதி, விடவேண்டிய அவசியம் இல்லாதது. சேர்த்துக்கொண்டதில் பாதி, முதலில் விட்டிருக்க வேண்டியது.

கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

சாப்பிட்ட எண்ணெய் நேராகக் கல்லீரலில் போய்ப் படிகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2005-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது. உடல் பருமனும் கல்லீரல் கொழுப்பும் உள்ள 9 பேருக்கு அடையாளமிட்ட மூலக்கூறுகளைக் கொடுத்து, கல்லீரலில் சேர்ந்த கொழுப்பின் மூலத்தைத் தேடினார்கள். சுமார் 59 சதவீதம் உடலில் ஏற்கெனவே சேர்ந்திருந்த கொழுப்பிலிருந்து ரத்தம் வழியாக வந்தது. 26 சதவீதத்தைக் கல்லீரலே புதிதாகத் தயாரித்திருந்தது. உணவிலிருந்த கொழுப்பின் நேரடிப் பங்கு 15 சதவீதம்தான்.

சிறிய ஆய்வுதான். ஆனால் கல்லீரல் தானே கொழுப்பு தயாரிக்கும் வேகம் இந்த நோயாளிகளுக்குக் கூடுதல் என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகளும் உறுதிப்படுத்தின. அந்தத் தயாரிப்புக்கு மூலப்பொருள் மாவுச்சத்தும் இனிப்பும். அதிலும் குறிப்பாக ஃபிரக்டோஸ்.

குளுக்கோஸை மூளை, தசை என்று எல்லா உறுப்புகளும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஃபிரக்டோஸின் பெரும்பகுதியோ கல்லீரலின் தலையில்தான் விழுகிறது. குளுக்கோஸ் அளவுக்கு மீறி வந்தால் ‘போதும்’ என்று வேகத்தைக் குறைக்க உடலில் ஒரு கட்டுப்பாட்டுப் படி உண்டு. ஃபிரக்டோஸ் அந்தப் படியில் நிற்காமலே உள்ளே போய்விடும். வந்ததையெல்லாம் கல்லீரல் உடைத்தாக வேண்டும். தேவைக்கு மேல் மிஞ்சியது கொழுப்பாகிறது. கூடவே யூரிக் அமிலமும் உண்டாகிறது. ஃபேட்டி லிவரும் யூரிக் அமிலமும் பலருடைய ரிப்போர்ட்டில் ஜோடியாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணெய்ப் பலகாரத்தை இனி இஷ்டம்போலச் சாப்பிடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. அதன் கலோரியும் எடையில்தான் சேரும். அதைக் கவனிக்கச் சொல்லும் மருத்துவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் தாளிக்கிற மூன்று ஸ்பூன் நல்லெண்ணெய்க்குப் பயந்துவிட்டு, ஒரு டம்ளர் ஜூஸைப் பயமில்லாமல் குடிப்பதுதான் பெரிய ஆபத்து.

பெயர் மாறினால் குணம் மாறுமா?

நாம் சர்க்கரை என்று சொல்லும் சுக்ரோஸில் சரிபாதி ஃபிரக்டோஸ். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு எல்லாவற்றிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். தேனில் சுமார் 38 சதவீதம் ஃபிரக்டோஸ், 31 சதவீதம் குளுக்கோஸ். நிறமும் மணமும் விலையும் வேறு வேறு. கல்லீரலுக்குப் போய்ச் சேரும் சரக்கு ஒன்றுதான். வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். இரும்புச்சத்துக்கு முருங்கைக்கீரை இருக்கிறது.

வெள்ளைச் சர்க்கரை கெடுதல் என்று தெரிந்தவர் அளந்து போடுகிறார், ஒரு ஸ்பூனோடு நிறுத்துகிறார். ‘நாட்டுச் சர்க்கரைதானே, உடம்புக்கு நல்லதுதானே’ என்ற நம்பிக்கை வந்தவுடன் அந்தக் கை தாராளமாகிவிடுகிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் கருப்பட்டி காபி, சந்தையில் ராகி பிஸ்கட், தினை லட்டு, பேரீச்சை சிரப், வெல்லம் போட்ட சத்துமாவுக் கஞ்சி என்று எங்கு திரும்பினாலும் இனிப்பு, ஆரோக்கியத்தின் பெயரில் வருகிறது. ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று பாக்கெட்டின் முன்பக்கம் பெரிதாக அச்சிட்டிருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் தேனும் பேரீச்சைப் பாகும் இருக்கும். அக்கறையில்லாதவர்களைவிட, அக்கறையோடு தேடித் தேடி வாங்குபவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள்.

இனிப்பைக் குடிப்பது இன்னும் மோசம். மூன்று நான்கு சாத்துக்குடியை ஒரே உட்காரலில் உரித்துச் சாப்பிட யாராலும் சுலபத்தில் முடியாது. பிழிந்து கொடுத்தால் அரை நிமிடத்தில் இறங்கிவிடும். நார்ச்சத்து சக்கையோடு போய்விடுவதால் வேகமாக ரத்தத்தில் கலக்கும், வயிறும் நிறையாது. முழுப் பழமாக ஒரு கொய்யா, பாதி ஆப்பிள், ஒரு துண்டு பப்பாளி கல்லீரலுக்குச் சுமையே இல்லை. ஜூஸ், கரும்புச்சாறு, ரோஸ் மில்க், நன்னாரி சர்பத் ஆகியவற்றை நிறுத்தியே ஆக வேண்டும்.

டீக்கடைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 முதல் 5 கிராம். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்றாலும் நாளைக்கு நான்கு டீயில் ஏறக்குறைய 40 கிராம் உள்ளே போகிறது. 300 மி.லி. குளிர்பானத்தில் 30 கிராமுக்கு மேல். 2024 மே மாதம் வெளியான இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டு நெறிமுறைகள், நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கின்றன. காபிப் பிரியர்கள் கவலைப்பட வேண்டாம். தினமும் இரண்டு மூன்று கப் காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. டிகாக்‌ஷன் தாராளமாக இருக்கட்டும். சர்க்கரை மட்டும் வேண்டாம். நாலைந்து வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

பிள்ளைகளின் டம்ளரில் என்ன இருக்கிறது?

பள்ளிக்கூட வயதிலேயே ஃபேட்டி லிவர் வருவதுதான் இதில் நெஞ்சைப் பதறவைப்பது. 2019-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. 11 முதல் 16 வயது வரையுள்ள, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்த 40 சிறுவர்கள். பாதிப் பேருக்கு 8 வாரம் இனிப்பு சேர்த்த உணவும் ஜூஸும் ஏறக்குறைய முழுதாக நிறுத்தப்பட்டன. இனிப்பிலிருந்து வரும் கலோரி மொத்தத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் இலக்கு. அவர்களுடைய கல்லீரல் கொழுப்பு சராசரியாக 25 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாக இறங்கியது. வழக்கம்போலச் சாப்பிட்ட மற்றவர்களுக்கு 21-லிருந்து 20, அவ்வளவுதான்.

இரண்டே மாதம். மாத்திரை எதுவும் இல்லை. அதில் இன்னொரு சங்கதியும் உண்டு: அந்தச் சிறுவர்களுக்கு மட்டும் தனிச் சாப்பாடு போடவில்லை. வீட்டிலிருந்த எல்லோருக்குமே அதே உணவு கொடுக்கப்பட்டது.

நம் வீடுகளில் பிள்ளை பால் குடிக்க வேண்டும் என்பதற்காகச் சாக்லேட் மணக்கும் பொடியை இரண்டு ஸ்பூன் போட்டு, மேலே சர்க்கரையும் போடுகிறோம். இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. தளத்தில் பெயர் மாறினால் போதாது. அம்மாக்களின், பாட்டிகளின் மனத்திலும் மாற வேண்டும். டிபன் பாக்ஸில் கிரீம் பிஸ்கட்டுக்குப் பதில் வேர்க்கடலையோ சுண்டலோ வைக்கலாம். பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்க மிட்டாய் கொடுக்கும் வழக்கத்தையும் பள்ளிகள் மாற்றலாம்.

தட்டில் என்ன மாற்றம்?

இனிப்புக்கு அடுத்த இடம் தானியத்துக்கு. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை. மூன்று வேளையும் அரிசிதான். 2024 நெறிமுறைகள் மொத்தக் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கின்றன. நாமோ 50 முதல் 70 சதவீதத்தைத் தானியத்திலிருந்தே பெறுகிறோம். சோற்றைச் சப்பாத்தியாகவோ சாமையாகவோ மாற்றி அதே அளவு சாப்பிட்டால் பெரிய பயன் இல்லை. அளவு குறைய வேண்டும். தட்டில் பாதி பொரியலும் கீரையும் கூட்டும். கால் பங்கு பருப்பு, பயறு, மீன், முட்டை, கோழி ஆகியவற்றில் ஒன்று. மீதிக் கால் பங்குதான் சோறு. காய்கறியை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் அளவு தானாகவே குறையும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சோற்றைச் சட்டென்று குறைக்கும் முன் மருத்துவரிடம் மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ரத்தச் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடக்கூடும். மது ஒரு சொட்டும் வேண்டாம்.

எடைக் கணக்கு எளிது. உடல் எடையில் 3 முதல் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சி அடங்கும். 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தவர்களில் பலருக்குத் தழும்பே பின்வாங்கியிருக்கிறது. 80 கிலோ இருப்பவர் 8 கிலோ குறைக்க வேண்டும். வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. பட்டினி கிடந்து தடாலடியாகக் குறைத்தால் பித்தப்பைக் கல் வரலாம், கல்லீரலுக்கும் நல்லதல்ல. ‘நான் ஒல்லிதானே’ என்பவர்கள் இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினால் தொப்பைதான். வாரத்துக்கு 150 நிமிடம் வேர்க்க நடந்தால், எடை குறையாவிட்டாலும் கல்லீரல் கொழுப்பு குறையும்.

பொடிகளும் சாறுகளும்

‘லிவர் டீடாக்ஸ்’ என்று விற்கும் பொடிகளும் மாத்திரைகளும் வேண்டவே வேண்டாம். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. செறிவூட்டிய கிரீன் டீ மாத்திரைகளாலும் அப்படி நடந்திருக்கிறது.

ஸ்கேனில் சொல்லும் கிரேடு கொழுப்பின் அளவைத்தான் காட்டும். தழும்பு இருக்கிறதா என்று சொல்லாது. கிரேடு 1 என்று அசட்டையாக இருப்பதும் தவறு, கிரேடு 2 என்று தூக்கத்தைத் தொலைப்பதும் தவறு. வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் எண்ணிக்கை ஆகிய நான்கையும் வைத்து ‘ஃபிப்-4’ என்ற கணக்கைப் போட்டுத் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அது 1.3-ஐத் தாண்டினால் அடுத்த கட்டப் பரிசோதனை தேவையா என்பதை அவர் சொல்வார். இதயத்தையும் மறக்க வேண்டாம். ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் உயிரைப் பறிப்பதில் மாரடைப்பு உள்ளிட்ட இதய ரத்தக்குழாய் நோய்களே முதலிடத்தில் இருக்கின்றன.

மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ‘டயட்டில் இருங்க’ என்று பொதுவாகச் சொல்லி அனுப்பாதீர்கள். ‘ஜூஸ், தேன், வெல்லம், நாட்டுச் சர்க்கரை எதுவும் வேண்டாம்’ என்று மருந்துச் சீட்டிலேயே பெயர் பெயராக எழுதிக் கொடுங்கள். எழுதாத வரைக்கும் அவை நல்லவை என்றுதான் ஜனங்கள் எடுத்துக்கொள்வார்கள்.

வீட்டில் ஒருவருக்கு ஃபேட்டி லிவர் என்றால் அவருக்கு மட்டும் தனிச் சமையல் செய்யாதீர்கள். ஒரே சோறு, ஒரே டீ, ஒரே நொறுக்குத் தீனி என்று வாழும் வீட்டில், ரிப்போர்ட் ஒருவருடையதாக இருந்தாலும் பழக்கம் எல்லோருடையதும்தான். சர்க்கரை டப்பாவை எடுக்கும்போது தேன் பாட்டிலையும் வெல்லத்தையும் சேர்த்தே எடுங்கள். மூன்று மாதம் வீடே இப்படி இருந்து பார்க்கட்டும். இடுப்பளவிலேயே வித்தியாசம் தெரியத் தொடங்கும்.