யார் வீட்டுப் பக்கம்?

தன் ஊருக்கென வேர்ட்பிரஸ்ஸில் தளம் நடத்தும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் தளத்தில் ‘பள்ளி/வரலாறு’ என்ற முகவரி சரியாகத் திறக்கிறது. சர்வருக்குள் தேடினால் பள்ளி என்று ஃபோல்டரும் இல்லை, வரலாறு என்று கோப்பும் இல்லை. அந்தப் பக்கம் எங்கேதான் இருக்கிறது?”

டேட்டாபேஸில், ஓர் அட்டவணையின் ஒரு வரியாக இருக்கிறது. 1995இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் பிஎச்பி என்ற நிரல்மொழியை வெளியிட்ட காலத்தில் பக்கத்துக்கு ஒரு கோப்பு இருப்பதே வழக்கம். அதே மொழியில் எழுதப்பட்டு 2003இல் தொடங்கிய வேர்ட்பிரஸ்ஸில் அப்படியில்லை. வரலாறு இவ்வளவு போதும்.

கேட்ட பெயரில் நிஜமான கோப்பு இல்லையென்றால், சர்வர் வந்தவரை ‘இண்டெக்ஸ்’ என்ற ஒரே பிஎச்பி கோப்பிடம் அனுப்பிவிடும். அங்கே முகவரி வடிவங்களின் பட்டியலில் முதலில் பொருந்துவதை வைத்து, கேட்பது பக்கமா பதிவா என்று முடிவாகும். பக்கம் என்று தெரிந்தபிறகு நடப்பதுதான் அழகு.

கிராமத்தில் புதுப் பையனைக் கண்டால் “யார் வீட்டுப் பிள்ளை?” என்பார்கள். “முருகன் மகன்” என்றால், “எந்த முருகன்?” என்று தாத்தா வரை போவார்கள். வேர்ட்பிரஸ்ஸும் கடைசிப் பெயரைத்தான் முதலில் பிடிக்கிறது. ‘வரலாறு’ என்ற பெயரில் இரண்டு பக்கம் இருக்கலாம்; ஒன்று பள்ளியின் பிள்ளை, மற்றது கோயிலின் பிள்ளை. ஒவ்வொரு வரியிலும் பெற்றோரின் எண் இருக்கிறது. அந்த எண்ணுக்குரிய வரியின் பெயர் ‘பள்ளி’தானா? அதற்கும் மேலே யார்? பூஜ்யம் வந்தால் அவரே குடும்பத்தின் மூத்தவர், தேடல் முடிந்தது.

தளத்தின் மெனு இன்னும் நுட்பமானது. 2010இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து மெனுவின் ஒவ்வொரு இணைப்பும் அதே அட்டவணையில் தனி வரி. பக்கத்துக்கான இணைப்பு அதன் முகவரியை எழுதி வைப்பதில்லை, எண்ணைத்தான் வைக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முன்னே, யார் பெயர் பின்னே என்று வரிசை உண்டல்லவா? மெனுவிலும் அந்த வரிசை உண்டு. ஒரே ஆள் ஒரு பத்திரிகையில் பெரியப்பா, இன்னொன்றில் தாய்மாமன். ஒரே பக்கமும் மெனுவுக்கு மெனு வேறு பெயரில் வரலாம். ஆள் வீடு மாறினாலும் பெயரை மாற்றிக்கொண்டாலும், எண் மாறாதவரை மெனு சரியான வாசலில் கொண்டுபோய் விடும்.

இதை ‘ஸ்மார்ட்’ முகவரி என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். இதில் தானாக யோசிக்கும் எதுவும் இல்லை. எண்ணைப் பிடித்துக்கொண்டு வரிக்கு வரி நடப்பதுதான் வேலை. அந்த எளிமைக்காகவே எனக்கு இது பிடிக்கும்.

ஆனால் தமிழுக்கு இதில் ஓர் அநியாயம் நடக்கிறது. முகவரிப் பெயருக்கு அட்டவணையில் 200 இடங்கள். ஆங்கில எழுத்துக்கு ஓரிடம் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் சதவீதக் குறிகளாக மாறி 9 இடங்களை எடுத்துக்கொள்ளும். புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் கணக்கு. ‘கல்வெட்டு’ என்ற ஒரே சொல்லுக்கு 81 இடங்கள். “ஊர்க் கல்வெட்டு சொல்லும் கதை” என்று தலைப்பிட்டால், ‘சொல்லும்’ என்பதோடு 200 நிறைந்து, ‘கதை’ முகவரியிலிருந்து விழுந்துவிடும். ஆகவே வாசகியே, வெளியிடும் முன் முகவரிப் பெட்டியில் ‘ஊர்க்கல்வெட்டு’ என்று சுருக்கமாக நீங்களே எழுதிவிடுங்கள்.