தோண்டாமலே ஒரு தீவைப் படிப்பது எப்படி?

கிரேக்கத்தில் கிதீராவுக்கும் கிரீட்டுக்கும் நடுவே ஆண்டிகிதீரா இருக்கிறது. பரப்பு சுமார் 20 சதுர கிலோமீட்டர். பழங்காலப் பற்சக்கர வானியல் கருவி அதன் கடலடியில் கிடைத்ததால் புகழ் பெற்றது. நிலத்தில் கிடக்கும் ஓட்டுச்சில்லுகளை யாரும் அவ்வளவாகக் கொண்டாடுவதில்லை. எனக்கு அவைதான் சுவாரசியம்.

2005 முதல் ஆண்ட்ரூ பெவன், ஜேம்ஸ் கானொலி தலைமையிலான குழு தீவு முழுவதையும் கால்நடையாகவே ஆராய்ந்தது. 15 மீட்டர் இடைவெளி விட்டு வரிசையாக நடந்து, கண்ணில் பட்ட பானை ஓடுகளை எண்ணினார்கள். புதைந்த ஓடு எப்படி மேலே வந்தது? உழவும் மண்ணரிப்பும் கிளறிவிடுகின்றன. களிமண், சூளைச் சூடு, வடிவம் எல்லாம் காலத்துக்குக் காலம் மாறுவதால், ஓடே ஏறத்தாழ வயதைச் சொல்லிவிடும்.

ஆனால் ஓடு கிடக்கும் இடமெல்லாம் மனிதர் வாழ்ந்த இடமல்ல. சரிவுகளில் கல்லடுக்கிக் கட்டிய படிவயல்கள்தான் மண்ணைப் பிடித்து வைத்திருந்தன. கடந்த நூற்றாண்டில் தீவு மக்களில் பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள். பழுது பார்க்க ஆளில்லாத சுவர் சரிந்தால், மண்ணோடு ஓடும் கீழே போகும். பள்ளத்தில் இருந்தது அடியில் மறையும். போதாக்குறைக்கு, கைவிட்ட வயல்களில் முட்புதர் மண்டித் தரையே தெரிவதில்லை. வெற்றிடம் என்று குறித்தது வெறும் புதராக இருக்கலாம்! அதனால்தான் ஓட்டுக் கணக்கோடு சரிவு, செடி, தரை தெரியும் அளவு ஆகியவற்றையும் குறித்துக்கொண்டார்கள்.