பெயர் சொல்லியும் திறவாத தளங்கள்

இணையத்தின் வாயிலாக இன்று நடைபெறாத காரியம் அரிது. தேர்வுக்கு விண்ணப்பிப்பதும், மின்கட்டணம் செலுத்துவதும், ஓய்வூதியர் தம் சான்றிதழை அனுப்புவதும் அதன் வழியே நடக்கின்றன. இவற்றுள் பலவற்றுக்குக் கடைசி நாள் என்று ஒன்று உண்டு. அந்நாளில் தளத்தின் பெயரைச் சரியாக எழுதியும் அது திறவாவிடின், ஒரு மாணவரின் ஓராண்டு உழைப்பே வீணாகிவிடக்கூடும். அத்தகைய வேளையில், தளம் கெட்டுவிட்டது என்றோ, இணைப்பு அறுந்துவிட்டது என்றோ நாம் முடிவு கட்டுகிறோம். இவ்விரண்டுக்கும் இடையில், கண்ணுக்குப் புலப்படாமல் வேலை செய்யும் மூன்றாவது ஏற்பாடு ஒன்று உண்டு. பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்வது அதன் தொழில். டி.என்.எஸ். என்று அதனைக் குறிப்பது வழக்கம்.

கணினிகள் ஒன்றையொன்று எண்களைக் கொண்டே அறிகின்றன. மனிதருக்கோ எண்ணைவிடப் பெயரே நினைவில் நிற்கும். ஆதலின், இன்ன பெயருக்கு இன்ன எண் என்று காட்டும் அட்டவணை தொடக்கத்திலேயே தேவைப்பட்டது. இணையத்துக்கு முன்னோடியாக அமெரிக்காவில் விளங்கிய அர்ப்பாநெட்டில், ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தார் ஒரே பட்டியலைப் பேணி வந்தனர். மற்றவர்கள் அதைப் பிரதி எடுத்துக்கொண்டனர். கணினிகள் பெருகப் பெருக அந்த ஏற்பாடு போதாமற் போயிற்று. 1983ஆம் ஆண்டில் பால் மொகபெட்ரிஸ் என்னும் அறிஞர், பட்டியலை ஓரிடத்தில் குவிக்காமல் பலரிடம் பகிர்ந்து வைக்கும் முறையை வகுத்தார். இன்றும் அடிப்படையில் அம்முறையே வழங்குகிறது.

இம்முறையில் ஒரு பெயர் வலக்கோடியிலிருந்து ஆராயப்படுகிறது. நம் அரசாங்கத் தளங்கள் பலவற்றின் பெயர் ‘கவ் டாட் இன்’ என்று முடிவதைக் காண்கிறோம். அத்தகைய பெயரொன்றுக்கு எண் வேண்டுமாயின், முதலில் மூலச் சேவையகங்களுள் ஒன்றை அணுக வேண்டும். 13 பெயர்களில் உலகெங்கும் பரவியுள்ள அவை, ‘இன்’ என்ற பிரிவுக்குப் பொறுப்பானவரைக் காட்டும். அவர் ‘கவ்’ என்ற பிரிவுக்கு வழி சொல்வார். அங்கிருந்து குறிப்பிட்ட தளத்தின் எண் கிடைக்கும். இவ்வளவு விசாரணையையும் நம் கணினி தானே செய்வதில்லை. நமக்கு இணைப்புத் தரும் நிறுவனத்தின் சேவையகம் நமக்காகச் செய்து, கிடைத்த விடையைக் குறித்த காலம் வரை நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்தவர் கேட்டால் உடனே சொல்லிவிடலாம் அன்றோ?

இந்த வசதியிலேதான் தொல்லைக்கும் இடம் இருக்கிறது. அந்தச் சேவையகம் ஓய்ந்து போகலாம். கேட்போர் தொகை மிகுந்து திணறலாம். தளம் புதிய எண்ணுக்கு மாறிய பின்னும் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கலாம். அதிகாரிகளின் ஆணைப்படி சில பெயர்களுக்கு விடை தராமலும் இருக்கலாம். இதனைக் கோளாறு என்று சொல்வதற்கில்லை. எவ்வாறாயினும், பாதை நன்றாக இருக்க, வழி சொல்பவர் மட்டும் தவறியிருக்கிறார்.

இதனைக் கண்டறிவது கடினமன்று. முதலாவதாக, வேறு சில தளங்கள் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டாவதாக, திறவாத தளத்தைக் கைப்பேசியில் வேறொரு நிறுவனத்தின் மொபைல் இணைப்பு வழியே திறந்து பார்க்க வேண்டும். அங்கே திறந்தால் தளம் நலமாகவே இருக்கிறது. குறை நம் வீட்டிலோ, இணைப்பு நிறுவனத்திலோ இருக்கிறது என்று கொள்ளலாம். அடுத்து, ரௌட்டரையும் கணினியையும் ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்குவது நலம். அவற்றின் நினைவில் தங்கிய பழைய விடைகள் பெரும்பாலும் இதனால் அகன்றுவிடும்.

அதன் பின்னும் குறை நீங்காவிடில், கணினியில் கட்டளை எழுதும் திரையைத் திறந்து, ‘பிங்’ என்ற கட்டளையுடன் 8.8.8.8 என்ற எண்ணை எழுதிப் பார்க்கலாம். பதில் வந்தால் பாதை திறந்திருக்கிறது என்று அறியலாம். பின்னர் ‘என்எஸ்லுக்அப்’ என்ற கட்டளையுடன் தளத்தின் பெயரை எழுத வேண்டும். இது நம் நிறுவனத்தின் சேவையகத்தைக் கேட்கும். அதே கட்டளையில் தளத்தின் பெயருக்குப் பின் 8.8.8.8 என்று சேர்த்தால், அதே கேள்வி வேறொரு சேவையகத்துக்குச் செல்லும். முன்னது விடை தராமல் பின்னது தருமாயின், குறை இன்ன இடத்தில் என்பது தெளிவாகிவிடுகிறது. இரண்டும் வெவ்வேறு எண்களைத் தந்தால் மட்டும் திடுக்கிட வேண்டியதில்லை. பெரிய தளங்களுக்குப் பல எண்கள் இருப்பது இயல்பே.

குறை அங்கேதான் என்று துணிந்தபின், நாம் வேறொரு சேவையகத்தை அமர்த்திக்கொள்ளலாம். கூகிள் நிறுவனம் 2009இல் தொடங்கிய 8.8.8.8, கிளவுட்பிளேர் 2018இல் தொடங்கிய 1.1.1.1, குவாட்9 அமைப்பின் 9.9.9.9 ஆகியவை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத் தக்கவை. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் இவற்றுள் ஒன்றை எழுதினால், பொதுவாக வீட்டிலுள்ள கருவிகள் அனைத்துக்கும் அது பயன்படும். பழைய எண்ணைக் குறித்து வைத்துக்கொண்ட பின்னரே மாற்றுவது விவேகம்.

இம்மாற்றம் சர்வரோக நிவாரணி அன்று. 2021 அக்டோபர் 4ஆம் தேதி பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகியவை உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் மறைந்துபோயின. அந்நிறுவனத்தின் சொந்தப் பெயர்ச் சேவையகங்களுக்கே செல்லும் வழி இணையத்தினின்று அகன்றுவிட்டது. அன்று எந்தச் சேவையகத்தைக் கேட்டாலும் விடை கிடைத்திராது. கைப்பேசியின் மொபைல் இணைப்பிலும் தளம் திறவாவிடில், இத்தகைய குறையாகவும் இருக்கலாம் என்று கருதிக் காத்திருப்பதே தகும்.

இன்னொரு எச்சரிக்கை இதனினும் முக்கியமானது. வழி சொல்பவரை மாற்றுவது, நம்பிக்கையை ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் மாற்றுவதாகும். நாம் எந்தெந்தத் தளங்களை நாடுகிறோம் என்பதை அவர் அறிவார். மனம் வைத்தால் தவறான வீட்டுக்கும் நம்மை அனுப்பிவிடுவார். ‘டி.என்.எஸ். சேஞ்சர்’ என்ற தீய நிரல் இதைத்தான் செய்தது. உலகில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் புகுந்து, சேவையக எண்ணை இரகசியமாக மாற்றி, மோசக்காரரின் சேவையகத்தைக் கேட்கும்படி செய்துவிட்டது. 2011 நவம்பரில் எஸ்டோனியா நாட்டினர் அறுவர் கைதாயினர். அச்சேவையகங்களை உடனே நிறுத்தினால் இலட்சக்கணக்கானோரின் இணையம் நின்றுவிடும் என்பதால், நீதிமன்ற ஆணையின்பேரில் நேர்மையான மாற்றுச் சேவையகங்கள் 2012 ஜூலை 9 வரை நடத்தப்பட்டன.

ஆகவே, தொலைபேசியில் அழைக்கும் முன்பின் அறியாதவர் சொல்லும் எண்ணை நம் கருவியில் எழுதுதல் ஆகாது. ரௌட்டருடன் வந்த கடவுச்சொல்லை மாற்றிவிடுதல் வேண்டும். வங்கித் தளத்தைத் திறக்கும்போது, தளத்தின் சான்றிதழ் சரியன்று என்று உலாவி எச்சரித்தால், அதனை மீறி உள்ளே செல்லலாகாது.

நிறுவனத்தாரிடம் முறையிடும்போதும் இவ்வறிவு துணை செய்யும். “இணையம் வரவில்லை” என்று மட்டும் சொன்னால், ரௌட்டரை நிறுத்தி இயக்குங்கள் என்ற விடையே கிடைக்கும். “எண்ணுக்குப் பதில் வருகிறது, இன்ன பெயருக்கு உங்கள் சேவையகம் விடை தரவில்லை, வேறு சேவையகம் தருகிறது” என்று நாள், நேரம் குறித்துச் சொன்னால், அவர்கள் தம் சேவையகத்தைப் பார்க்க வேண்டியவராவர். நாம் நம் எண்ணை மாற்றிக்கொண்டால் நம் வீட்டுக் குறை தீரும். நாம் முறையிட்டால், அதே சேவையகத்தை நம்பி, காரணம் அறியாமல் கடைசி நாளில் கலங்கி நிற்கும் மற்ற வீட்டாரின் குறையும் தீரும்.