குழந்தைகளின் உடல் பருமன்: பெற்றோருக்கு அறிவுரை மட்டும் போதுமா?

ஹைதராபாத்: ஊட்டச்சத்துக் குறைபாட்டை ஆராய்வதற்காகத் தோன்றிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், இன்று உடல் பருமனைக் குறித்தும் எச்சரிக்க வேண்டிய நிலை ஏற்பட்டுள்ளது.

குன்னூரில் 1918-ல் பெரிபெரி நோயை ஆராயும் சிறு பிரிவாகத் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், 1958-ல் ஹைதராபாதுக்கு மாற்றப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் இயங்கும் இந்நிறுவனம், 2024 மே மாதம் இந்தியர்களுக்கான 17 உணவு நெறிமுறைகளை வெளியிட்டது. நாட்டின் மொத்த நோய்ச்சுமையில் 56.4 சதவீதத்துக்கு முறையற்ற உணவுப் பழக்கமே காரணம் என்று அதில் மதிப்பிடப்பட்டுள்ளது.

இரட்டைச் சுமை: தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 5 வயதுக்கு உள்பட்ட குழந்தைகளில் அதிக எடை கொண்டோர் 2015-16-ல் 2.1 சதவீதம். 2019-21-ல் இது 3.4 சதவீதமாக உயர்ந்தது. அதே ஆய்வில் 35.5 சதவீதக் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதும் தெரிய வந்தது. பசியை ஒழிக்கும் முன்பே பருமனையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

வீட்டின் பங்கு: வீட்டில் வாங்கி வைப்பதையே குழந்தை உண்கிறது, பெரியவர்களின் பழக்கமே பிள்ளைகளுக்கும் படிகிறது. நாட்டில் பெண்களில் 24 சதவீதத்தினரும், ஆண்களில் ஏறத்தாழ 23 சதவீதத்தினரும் அதிக எடை கொண்டவர்கள் என்கிறது 2019-21 ஆய்வு. 5 முதல் 17 வயது வரையிலானோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களாவது உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் மாலை நேரத்தைத் தனிப்பயிற்சி வகுப்பும் செல்பேசியும் பங்கிட்டுக் கொள்கின்றன.

தாயின் ஊட்டச்சத்தும் இதில் முக்கியம். ஹைதராபாத் அருகே உள்ள கிராமங்களில் 1987 முதல் 1990 வரை, கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட சத்துணவின் பயனை இந்நிறுவனம் ஆராய்ந்தது. அக்குழந்தைகள் வளரிளம் பருவத்தை எட்டியபோது மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். சத்துணவு பெற்ற கிராமத்தினர் சற்று உயரமாக வளர்ந்திருந்தனர். உடல் கொழுப்பில் வேறுபாடு இல்லை. இன்சுலின் எதிர்ப்பும் குறைவாக இருந்தது. 2008-ல் வெளியான இந்த முடிவு, அங்கன்வாடி உணவின் பயன் பசியாற்றுவதோடு நின்றுவிடுவதில்லை என்பதைக் காட்டுகிறது.

அரசின் பங்கு: கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், அதைச் சுற்றி 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்க 2020-ம் ஆண்டு விதிமுறைகள் தடை விதிக்கின்றன. மாணவர்கள் உட்கொள்ளும் சர்க்கரையின் அளவை விளக்கும் பலகைகளை வைக்குமாறு 2025 மே மாதம் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தனது பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. பொட்டலங்களின் முகப்பில் எச்சரிக்கை இடம்பெறச் செய்வது குறித்து 3 மாதங்களில் பரிந்துரை அளிக்க வேண்டும் என அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த அவகாசம் பின்னர் நீட்டிக்கப்பட்டது.

மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவுகளுக்குச் சுகாதார வரி விதிப்பதைப் பரிசீலிக்கலாம் என்று 2025 ஜனவரியில் தாக்கலான பொருளாதார ஆய்வறிக்கை கூறியது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் ஆகியவற்றுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களுக்கு மட்டும் 40 சதவீத வரி விதிக்கப்பட்டது.

எதை வாங்குவது என்பது பெற்றோரின் முடிவு. எது மலிவு, எதில் எவ்வளவு சர்க்கரை உள்ளது என்பது பளிச்செனத் தெரிகிறதா, பள்ளி வாசலில் எது விற்கிறது என்பவை அரசின் முடிவுகள். விளையாட்டு மைதானமும் முகப்பு எச்சரிக்கையும் முறையான வரிக் கொள்கையும் இல்லாமல் குடும்பங்களை மட்டும் குறை சொல்வது, பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகவே அமையும்.