பிள்ளையைப் பகலில் பராமரிக்கும் செலவு: அரசிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது

முகாமில் இருந்தபோது நீங்கள் வேலைக்குப் போனால் பிள்ளையை அம்மம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவோ பார்த்துக்கொண்டிருப்பார். கிராண்ட்பாஸில் ஸ்டேஸ் வீதியிலோ நாகலகம் வீதியிலோ ஒரு வாடகை அறைக்கு வந்த பிறகு அந்த உதவி இல்லை. இருவரும் உழைத்தால்தான் வாடகை கட்டலாம். பிள்ளையைப் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் விட்டால் ஒருவரின் சம்பளத்தில் பெரும் பங்கு அங்கேயே போய்விடும். ஆகவே பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: "வெளிநாட்டில் இந்தக் காசை வரியில் திருப்பிக் கொடுக்கிறார்களாமே, இங்கே எப்படி எடுப்பது?"

வெளிநாட்டைப் பற்றி உறவினர் சொல்வது உண்மைதான். கனடாவில் ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை ஒருவருக்கு ஆண்டுக்கு 8,000 டொலர் வரையான பராமரிப்புச் செலவை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணம் இச்செலவின் ஒரு பங்கை வரி வரவாகவே கையில் கொடுக்கிறது. இலங்கையில் அப்படி ஒரு சலுகை இல்லை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் வீட்டுச் செலவுகளைக் கழிக்க இடம் தருவதில்லை. பிள்ளைப் பராமரிப்பும் அதற்குள் அடங்குகிறது. எனவே "பராமரிப்பு வரி மீளளிப்புப் படிவம்" நிரப்பித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். அப்படி ஒரு படிவம் கிடையாது.

ஆனால் நீங்கள் உண்மையிலேயே திருப்பிக் கேட்கக்கூடிய வரி ஒன்று இருக்கிறது. அதைத்தான் பல குடும்பங்கள் கவனிக்காமல் விட்டுவிடுகின்றன. கொண்டு வந்த சேமிப்பையோ உறவினர் அனுப்பிய பணத்தையோ வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டிருந்தால், 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் 10 சதவீதத்தை வங்கி வரியாகக் கழிக்கிறது. பத்து இலட்சம் ரூபாவுக்கு ஆண்டு வட்டி 80,000 ரூபா என்று வைத்துக்கொண்டால் 8,000 ரூபா போகும். உங்கள் மொத்த ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு, அதாவது மாதம் 150,000 ரூபாவுக்கு, மேற்படாவிட்டால் இந்த வரி உங்களுக்கு உரியதல்ல. வங்கியில் சுயபிரகடனப் படிவத்தைக் கேட்டு நிரப்பிக் கொடுங்கள், கழிப்பதை நிறுத்துவார்கள். இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும். வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்குவதால் அந்த நேரத்தில் மறுபடி நினைவில் வையுங்கள்.

ஏற்கெனவே கழித்திருந்தால் வங்கியிடம் வரிக் கழிப்புச் சான்றிதழ் கேளுங்கள். பிறகு வரி செலுத்துவோர் அடையாள இலக்கம் பெற்று, ஆண்டு முடிந்ததும் நவம்பர் 30க்குள் வருமான விபரத்திரட்டைச் சமர்ப்பித்தால், கழித்த தொகை உங்கள் வரவாகக் கணக்கிடப்படும். மீதியை மீளக் கோரலாம். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் தலைமை அலுவலகம் கொழும்பு 2, சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் இருக்கிறது. இலக்கம் பெறக் கட்டணம் இல்லை.

வைப்பு எதுவும் இல்லாத குடும்பத்துக்கு வரியால் பயன் இல்லை. அவர்கள் பார்க்க வேண்டியது அஸ்வெசும. 2025 ஜனவரி முதல் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபா வரையும், மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா வரையும் வங்கிக் கணக்கில் போடப்படுகிறது. அதைப் பராமரிப்புக் கட்டணத்துக்குச் செலவழிக்கலாம், யாரும் கணக்குக் கேட்பதில்லை. சிக்கல் வேறு இடத்தில். விண்ணப்பம் எப்போதும் திறந்திருப்பதில்லை. அழைப்பு வரும்போது உங்கள் பெயர் கிராம உத்தியோகத்தரின் பதிவில் இருக்க வேண்டும். வாடகைக்குக் கொடுப்பவர் பதிவுக்குச் சம்மதிக்கத் தயங்குவதுண்டு; ஆகவே முற்பணம் கொடுக்குமுன் இதைப் பேசி, கடிதம் எழுதித் தருவாரா என்று கேட்டுவிடுங்கள். பணம் கைமாறிய பிறகு கேட்பது கடினம்.

இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின்படி பிறப்பைப் பதிந்து குடியுரிமைச் சான்றிதழ் பெறுங்கள். சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் செய்யாவிட்டால், பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விசாரியுங்கள். பாடசாலை அனுமதிக்கும் இது கேட்கப்படும் என்பதால், பிள்ளைக்கு ஐந்து வயது வரும் வரை தள்ளிப்போடாதீர்கள்.

தொழிற்சாலையில் வேலை செய்யும் தாய்மாருக்கு இன்னொரு உரிமை உண்டு. பிள்ளை ஒரு வயதுக்குக் குறைவாக இருந்தால், மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி ஒன்பது மணி நேர வேலைக்குள் பாலூட்ட இரண்டு இடைவேளை தர வேண்டும். வேலைத்தளத்தில் பிள்ளை காப்பிடம் இருந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். சாப்பாட்டு நேரம் இதில் சேராது. மறுத்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

நிலையம் தேடும்போது வீட்டுக்குக் கிட்ட என்பதை மட்டும் பார்க்காதீர்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், பகலில் ஒருநாள் சொல்லாமல் போய்ப் பாருங்கள், கட்டும் பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பிள்ளையை யார் வந்து கூட்டிச்செல்லலாம் என்பதை எழுதிக் கொடுங்கள். பிள்ளைக்கு ஏதும் தீங்கு நடப்பதாகச் சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.